ரோஜா நிற ஐஷேடோ பேலட்: கண் சிவந்த மாதிரி தெரியாமல் போடுவது எப்படி?

மாலைவானம்

வணக்கம் தோழிகளே. இதுவரை ப்ரவுன் ஐஷேடோ மட்டும்தான் போட்டு வந்தேன். இப்போது ரோஜா நிறங்களுக்கு மாற ஆசை. நான் மாநிறம், இமை மட்டும் முகத்தை விட நன்றாகவே கருத்திருக்கும். கையில் இருக்கும் சின்ன பேலட்டில் உள்ள இளம் பிங்கைப் போட்டால் சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது. அடர்த்தியான பிங்கைப் போட்டால் அழுது முடித்து வந்தவள் மாதிரி இருக்கிறது. கண் வலியா என்று கூடக் கேட்டுவிட்டார்கள்.

புதிதாக ஒரு பேலட் வாங்கப் போகிறேன். எத்தனை நிறம் இருப்பது நல்லது? மஞ்சள் சாயல் உள்ள ரோஜாவா, ஊதா சாயல் உள்ள ரோஜாவா? தினமும் வேலைக்குப் போகும்போது போட முடிகிற மாதிரி வேண்டும். விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

தூரிகை

மாலைவானம், நீங்கள் சொன்ன இரண்டும் வேறு வேறு பிரச்சினை. தனித்தனியாகப் பார்ப்போம்.

கண் சிவந்த மாதிரி தெரிவதற்குக் காரணம் பிங்க் அல்ல, அது நிற்கும் இடம். நம் இமை விளிம்பும் கண்ணின் உள்ளோரமும் இயல்பாகவே இளஞ்சிவப்பு. அதை ஒட்டியே இன்னொரு சிவப்பை வைத்தால் எது தோல், எது நிறம் என்று பார்ப்பவருக்குப் பிரித்துத் தெரியாது. விளிம்பின் சிவப்பு மேலே வரை பரவியது போல இருக்கும். வெள்ளை விழியில் ஓடும் மெல்லிய நரம்புகளும் கூடுதலாகக் கண்ணில் படும். இமை முடியின் வேரை ஒட்டி அடர் ப்ரவுனோ கறுப்போ மெல்லிய கோடாக ஓடினால் போதும், இரண்டும் பிரிந்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு பிங்க் போட்டாலும் அது ஒப்பனை என்றுதான் தெரியும். மஸ்காராவும் கட்டாயம். வெறும் இமை முடியோடு ரோஜா நிறம் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டாம்.

அதனால்தான் ரோஜா பேலட் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது அதில் இருக்கும் ப்ரவுனை. இமை மடிப்பில் போட ஒரு நடுத்தர ப்ரவுன், விளிம்பில் போட கிட்டத்தட்டக் கறுப்புக்குப் போகும் ஒரு ப்ரவுனோ, ப்ளம் எனும் அடர் ஊதாச் சிவப்போ. இந்த இரண்டும் மினுமினுப்பற்ற மேட் வகையில் இல்லாத பேலட் எவ்வளவு அழகாக இருந்தாலும் முழு பேலட் ஆகாது. கூட இன்னொன்றை வாங்க வேண்டியிருக்கும்.

சாம்பல் பூப்பது பற்றி கருவிழி வந்து சொல்வார், அவர் ஆராய்ந்த விஷயம் அது.

கருவிழி

அழைத்ததற்கு நன்றி அக்கா.

இளம் பிங்க் எப்படிக் கிடைக்கிறது? சிவப்பு நிறமியோடு வெள்ளை கலந்து. அந்த வெள்ளை பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்சைடு. கருத்த இமையில் அதைத் தேய்த்தால் சிவப்பு தோலின் ப்ரவுனுக்குள் அமுங்கிவிடும், வெள்ளை மட்டும் மேலே நிற்கும். ப்ரவுன் மேல் வெள்ளை மெல்லியதாகப் படிந்தால் அது சாம்பல்தான். நிறைய பேர் இதற்குத் தோலின் அண்டர்டோனை, அதாவது தோலின் அடிச்சாயலை, குறை சொல்வார்கள். அண்டர்டோனை விட நிறத்தின் ஆழம்தான் முக்கியம். உங்கள் இமையின் கருமைக்குச் சமமாகவோ ஒரு படி கூடவோ இருக்கிற ரோஜா நிறம், மஞ்சள் சாயலோ ஊதா சாயலோ, பளிச்சென்று தெரியும். இமையை விட மூன்று படி வெளுத்த மேட் பிங்க், எந்தச் சாயலாக இருந்தாலும் சாம்பலாகும்.

ஆகவே உங்களுக்கு: செங்கல் கலந்த ரோஜா, வாடிய ரோஜா, அடர் மாவ் (மங்கிய ஊதா கலந்த பிங்க்), பெர்ரி, பர்கண்டி. இளம் நிறம் வேண்டும் என்றால் மேட்டில் வேண்டாம், மினுமினுக்கும் ஷிம்மரில் எடுங்கள். ஷிம்மரின் மினுமினுப்பு மைக்காத் துகள்கள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வருவது. அதனால் கருத்த இமையிலும் ரோஸ் கோல்டு தங்கமும் பிங்குமாகத் தெரியும், சாம்பலாகாது.

ஸ்வாட்ச், அதாவது நிறத்தைத் தோலில் தடவிப் பார்க்கும்போது முன்கையின் உட்பக்கத்தில் பார்க்காதீர்கள். நம் உடம்பிலேயே வெளுத்த இடங்களில் அது ஒன்று. அங்கே அழகாக இருப்பது இமையில் வேறு மாதிரி இருக்கும். கையின் மேற்பக்கம், விரல் கணுக்களுக்கு அருகே கருத்த தோல் இருக்கும் அல்லவா, அங்கே தேய்த்துப் பாருங்கள். விரலால் அழுத்தித் தேய்த்தால் எந்த ஐஷேடோவும் அடர்த்தியாகத்தான் விழும். பிரஷ்ஷால் ஒரு தடவை எடுத்துத் தடவினால் உண்மை தெரியும்.

பட்டாம்பூச்சி

தூரிகை அக்கா சொன்ன ப்ரவுன் கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை. ப்ரவுன் எல்லார் வீட்டிலும் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக ஒரு ரோஜா பேலட் வாங்கி, அதில் பாதி ப்ரவுனாக இருந்தால் எதற்கு வாங்கினோம்? நான் ஷிம்மருக்காகத்தான் வாங்குகிறேன். 2013 கடைசியில் வந்த அர்பன் டீகே நிறுவனத்தின் நேக்கட் 3 பேலட்தான் இந்த ரோஜா ஆசையையே பலருக்குக் கிளப்பியது. 12 நிறம், பெரும்பாலானவை மினுமினுப்பு. காலையில் விரலில் ஒரு நிறத்தை எடுத்து இமை நடுவில் ஒற்றிவிட்டு மஸ்காரா போட்டால் முடிந்தது. ரோஜா நிறத்தின் அழகே அந்த ஒளியில்தான்.

தூரிகை

பட்டாம்பூச்சி, உங்களிடம் ப்ரவுன் இருக்கிறது, உங்களுக்கு அது சரி. மாலைவானத்திடமும் இருக்கிறது என்று இப்போது மறுபடி படித்ததும் தெரிகிறது. அந்த அளவில் நீங்கள் சொல்வது நியாயம்.

ஆனால் பழைய ப்ரவுன் புதிய ரோஜாவோடு சேருமா என்று பார்க்க வேண்டும். மஞ்சள் தூக்கலான ப்ரவுனை ஊதா சாயல் மாவ் பக்கத்தில் ப்ளெண்ட் செய்தால், அதாவது ஓரம் தெரியாமல் கலந்தால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் அழுக்கு நிறம் ஒன்று உருவாகும். ஒரே பேலட்டுக்குள் இருக்கும் ப்ரவுன் அந்த ரோஜாவுக்காகவே கலக்கப்பட்டது. புதிதாகப் பழகுகிறவருக்கு அது பெரிய உதவி.

நீங்கள் நேக்கட் 3 சொன்னீர்கள், நான் அதற்கு நேர் எதிரானதைச் சொல்கிறேன். 2016இல் வந்த அனஸ்தேசியா பெவர்லி ஹில்ஸின் மாடர்ன் ரெனைசான்ஸ். 14 நிறத்தில் 11 மேட், 3 மெட்டாலிக். இளம் ப்ரவுனிலிருந்து பெர்ரி, சிவப்பு வரை ஒரே வரிசையில் நகரும். எதை எதோடு சேர்த்தாலும் சண்டை போடாது. எண்ணிக்கையை விட இந்த நகர்வைத்தான் பார்க்க வேண்டும் என்பேன். ஆறே நிறம் இருந்தாலும் வெளுப்பிலிருந்து அடர்த்தி வரை படிப்படியாகப் போனால் போதும். பதினெட்டு இருந்தும் அதில் பத்து ஒரே நடுத்தர பிங்க் என்றால் வீண். கடைப் படத்தை ஒரு தடவை கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எல்லாக் கட்டங்களும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், இமையிலும் எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும்.

கருவிழி

அந்தக் கறுப்பு வெள்ளை யோசனை அருமை அக்கா. உடனே என் பேலட்டைப் படம் எடுத்துப் பார்த்தேன். நான் தொடவே தொடாத நிறங்கள் எல்லாம் ஒரே சாம்பலில் நிற்கின்றன.

மூலக்கூறு

ரோஜா, சிவப்பு நிறங்களுக்கு மட்டும் ஒரு விஷயம் சேர்த்துச் சொல்கிறேன், மற்ற நிறங்களுக்கு இவ்வளவு தேவைப்படாது. பெட்டியின் பின்பக்கம் படியுங்கள்.

பிங்க் நிறத்தை எதிலிருந்து எடுத்திருக்கிறார்கள் என்பது சிஐ எண்களில், அதாவது கலர் இண்டெக்ஸ் எனும் நிறமிப் பட்டியலின் எண்களில் இருக்கும். சிஐ 77491 என்றால் சிவப்பு இரும்பு ஆக்சைடு. மங்கிய, செங்கல் சாயலான ரோஜா இதிலிருந்து வரும். தோலுக்குப் பெரும்பாலும் சாதுவானது. சிஐ 77742 மாங்கனீஸ் வயலெட், மாவ் நிறங்களில் இருக்கும். சிஐ 75470 என்றால் கார்மைன். சப்பாத்திக்கள்ளியில் வாழும் கோச்சினீல் பூச்சியிலிருந்து எடுப்பது. பளிச்சென்ற குளிர்ந்த பிங்க் தருவதில் இதற்கு இணை குறைவு. ஆனால் வீகன் அல்ல, சிலருக்கு ஒவ்வாமையும் தரும். அதனால்தான் அமெரிக்காவில் கார்மைனை லேபிளில் பெயர் சொல்லிப் போட வேண்டும் என்று 2009இல் விதி வந்து, 2011இல் நடைமுறைக்கு வந்தது.

அடுத்தது செயற்கைச் சாயங்கள். ரெட் 7, ரெட் 28 மாதிரிப் பல பிங்க், சிவப்புச் சாயங்களைக் கண்ணைச் சுற்றிப் பயன்படுத்த அமெரிக்காவில் அனுமதி இல்லை. ரெட் 7 என்பது சிஐ 15850 குடும்பம். அதை ஐரோப்பிய ஒன்றியம் கண் ஒப்பனையிலும் அனுமதிக்கிறது. ஒரே பேலட் ஒரு நாட்டில் ஐஷேடோ, இன்னொரு நாட்டில் ‘பிரஸ்டு பிக்மென்ட்’ (அழுத்திய நிறப்பொடி) என்று விற்பதற்குக் காரணம் இதுதான். பின்னால் பொடி எழுத்தில் ‘இந்த நிறங்கள் கண் பகுதிக்கானவை அல்ல’ என்று இருந்தால், அவை பெரும்பாலும் அந்த பேலட்டிலேயே மிகப் பளிச்சென்ற பிங்க்குகளாக இருக்கும். இவ்வகைச் சாயங்கள் இமையில் கறை விடும் என்பதும் உண்மை. துடைத்த பிறகும் மறுநாள் காலை வரை லேசான பிங்க் நிற்கும். கண்ணைச் சுற்றி ஒவ்வாமை வரும் தோல் என்றால் அந்த நிறங்களைக் கன்னத்துக்கு வைத்துக்கொண்டு கண்ணுக்கு இரும்பு ஆக்சைடு ரோஜாவை எடுங்கள்.

புது பேலட்டை நேராக இமையில் போடாமல், காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி ஒரு முழு நாளாவது பொறுத்துப் பார்ப்பது நல்லது.

பட்டாம்பூச்சி

கறை விஷயம் சரிதான். ஐஷேடோவுக்கு அடியில் பூசும் ப்ரைமர் போட்டால் கறை பெரிய அளவில் குறையும். நிறம் தோலைத் தொடாமல் ப்ரைமர் மேலேயே நிற்கும்.

மாலைவானம்

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று நினைக்கவில்லை. மூலக்கூறு சொன்னதும் என் பழைய பேலட்டைத் திருப்பிப் பார்த்தேன், சிஐ 15850 இருக்கிறது. கறை ஏன் போகவில்லை என்று இப்போது புரிகிறது.

தூரிகை அக்கா, போடும் முறையை முதலிலிருந்து கடைசி வரை சொல்ல முடியுமா? தினமும் காலையில் போடுவதற்கு. ப்ரைமர் இல்லை, கருமையை மறைக்கும் கன்சீலர் இருக்கிறது.

தூரிகை

சொல்கிறேன். கன்சீலர் போதும், ஆனால் எது என்று பாருங்கள். முகத்துக்குப் போடும் வெளுத்த கன்சீலரைக் கருத்த இமையில் போட்டால் அதுவே சாம்பலாகும். பீச் அல்லது ஆரஞ்சு சாயல் உள்ளதை அரிசி அளவுக்கு எடுத்து, மோதிர விரலால் ஒற்றி ஒற்றிப் பரப்புங்கள். இமையை வெள்ளையாக்க வேண்டாம், கருமை சமமானால் போதும். மடிப்பில் தேங்கி நிற்பதை விரலால் ஒற்றி எடுத்துவிட்டு, உடனே தோல் நிறப் பவுடரையோ மேட் ஐஷேடோவையோ மெல்லியதாகத் தட்டி நிறுத்துங்கள். ஈரமாக இருக்கும்போதே பிங்கை வைத்தால் வைத்த இடத்தில் திட்டாக ஒட்டிக்கொள்ளும், பிறகு எவ்வளவு ப்ளெண்ட் செய்தாலும் நகராது.

அப்புறம் மடிப்பு. மென்மையான, நிறைய முடி உள்ள பிரஷ்ஷில் நடுத்தர ரோஸ் ப்ரவுனை எடுத்து, தட்டி உதறிவிட்டு, பிரஷ்ஷின் நுனிக் காம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். முடிக்கு அருகே பிடித்தால் கை தானாக அழுத்தும். நுனியில் பிடித்தால் அழுத்தவே முடியாது. வெளிமுனையில் வைத்து, உள்ளே போய்த் திரும்பி, கார் கண்ணாடித் துடைப்பான் மாதிரி முன்னும் பின்னும். கண்ணைத் திறந்து நேராகப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள். மூடிக்கொண்டு போட்டால் திறந்ததும் பாதி மடிப்புக்குள் போய்விடும். நிறத்தின் மேல் ஓரம் எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு மங்க வேண்டும். ரோஜா நிறத்துக்கு இந்த ஓரம் ரொம்ப முக்கியம். கூர்மையான ஓரம் இருந்தால் வீக்கம் மாதிரி தெரியும்.

இப்போதுதான் ரோஜா. இமையின் நடுவில் தட்டையான பிரஷ்ஷால் அழுத்தி வையுங்கள், தேய்க்காதீர்கள். மேட் ரோஜா போட்டு, வேண்டுமானால் அதன் நட்டநடுவில் மட்டும் பட்டாம்பூச்சி சொன்ன மாதிரி விரலால் ஷிம்மர் ஒற்றுங்கள். ஷிம்மர் பிரஷ்ஷை விட விரலில் நன்றாகப் படியும், உதிர்வதும் குறைவு.

கடைசியாக அடர் ப்ரவுனை மெல்லிய பிரஷ்ஷில் எடுத்து இமை முடி வேரில் அழுத்தி அழுத்தி வையுங்கள். ஐலைனர் மாதிரி நேர்கோடு தேவையில்லை, நிழல் விழுந்தாற்போல் இருந்தால் போதும். கீழிமையில் ரோஜாவை வேலைக்குப் போகும் நாட்களில் விட்டுவிடுங்கள். வேண்டும் என்றால் வெளிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு மட்டும், அதுவும் ப்ரவுன் கலந்து. அழுத மாதிரி தெரிவது பெரும்பாலும் கீழிமையில்தான் ஆரம்பிக்கிறது.

அடர் நிறமோ ஷிம்மரோ போடும் நாளில் கண்ணை முதலில் முடித்துவிட்டு ஃபவுண்டேஷன் போடுங்கள். உதிர்ந்தது கன்னத்தில் இருந்தால் துடைத்துவிடலாம்.

வாசகி அம்மா

நான் ஐம்பதைத் தாண்டியவள். இளையவர்களுக்கு மட்டும்தான் பிங்க் என்று யாரும் நினைக்க வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். என் இமையில் சுருக்கம் உண்டு, தோல் கொஞ்சம் இறங்கி மடிப்பை மறைக்கிறது. எனக்கு நன்றாக அமைவது வாடிய ரோஜா நிற மேட், அல்லது பட்டுத் துணி போல லேசாகப் பளபளக்கும் சாட்டின். பெரிய மினுமினுப்புத் துகள் சுருக்கத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், கோடு கோடாகத் தெரியும். மடிப்பு நிறத்தை இயல்பான மடிப்பில் வைக்காமல் சற்று மேலே, கண் திறந்திருக்கும்போது தெரிகிற இடத்தில் வைக்கிறேன். ரோஜா நிறம் களைத்த முகத்துக்கு உயிர் கொடுக்கிறது. சாம்பல் நிற ஐஷேடோ என்னை இன்னும் களைப்பாகக் காட்டும், இது காட்டாது.

பட்டாம்பூச்சி

அம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு என் அம்மாவுக்கு ஒரு சாட்டின் ரோஜா எடுத்துக் கொடுக்கப் போகிறேன். பிங்க் என்றாலே வேண்டாம் என்பவர்.

மூக்குக்கண்ணாடி

கண்ணாடி போடுபவர்கள் சார்பில் ஒரு குறிப்பு. கிட்டப்பார்வைக் கண்ணாடி கண்ணைச் சின்னதாகக் காட்டும், அதனால் நான் நிறத்தை வழக்கத்தை விடக் கொஞ்சம் கூட்டிப் போடுகிறேன். வெள்ளெழுத்துக் கண்ணாடி பெரிதாகக் காட்டும். ப்ளெண்ட் ஆகாத ஓரம், உதிர்ந்த துகள் எல்லாம் பெரிதாகத் தெரியும், ஆகவே மேட்டும் பொறுமையும் வேண்டும். காண்டாக்ட் லென்ஸ் என்றால் லென்ஸை முதலில் போட்டுவிட்டுத்தான் ஒப்பனை. கழற்றும்போதும் லென்ஸை எடுத்த பிறகுதான் கண்ணைத் துடைக்க வேண்டும். கைவினைக்கு விற்கும் கிளிட்டரை யாரும் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள். அதன் ஓரங்கள் விழியைக் கீறக்கூடியவை.

கருவிழி

கண்ணாடிச் சட்டத்தின் நிறத்தையும் பார்க்கலாம். கறுப்புச் சட்டம் என்றால் மேலிமையில் ஏற்கெனவே ஒரு கறுப்புக் கோடு இருக்கிற மாதிரிதான். அங்கே பெர்ரி போன்ற அடர் ரோஜா தைரியமாகப் போடலாம்.

மாலைவானம்

ஒரு பேலட் எடுத்துவிட்டேன். ஒன்பது நிறம்: ஆறு மேட், மூன்று ஷிம்மர். கறுப்பு வெள்ளையில் பார்த்துத்தான் எடுத்தேன், வெளுப்பிலிருந்து அடர்த்தி வரை ஒழுங்காக இறங்குகிறது. அடர்த்தியானது ஒரு ப்ளம் ப்ரவுன், அதைத்தான் விளிம்பில் வைக்கிறேன். செங்கல் ரோஜா என் இமையில் இவ்வளவு நன்றாக அமையும் என்று எதிர்பார்க்கவில்லை. சாம்பல் இல்லை, சிவப்பும் இல்லை.

இரண்டு சின்னக் கேள்வி. அதில் உள்ள வெளுத்த மேட் பிங்கை என்ன செய்வது? ஷிம்மர் ஒன்றின் மேற்பரப்பு இப்போதே கெட்டியாகி நிறம் வரவில்லை, கெட்டுவிட்டதா?

கருவிழி

வெளுத்த பிங்கைத் தனியாகப் போடாதீர்கள். மடிப்பு நிறம் அதிகமாகிப் போனால் மேல் ஓரத்தை மங்கச் செய்ய மெல்லியதாக எடுங்கள். இல்லையென்றால் புருவ எலும்புக்குக் கீழே, இமை அளவுக்குக் கருக்காத இடத்தில் கொஞ்சம். அதே பேலட்டின் பெர்ரியோடு பிரஷ்ஷிலேயே கலந்தால் நடுத்தர மாவ் ஒன்று கிடைக்கும். அந்தக் கலவையில் வெள்ளை அளவோடு இருப்பதால் உங்கள் இமையிலும் நிற்கும்.

தூரிகை

ஷிம்மர் கெடவில்லை. விரலின் எண்ணெய் பட்டுப் பட்டு மேலே ஒரு படலம் கட்டியிருக்கிறது. செல்லோடேப்பை லேசாக ஒட்டி எடுங்கள், படலம் அதோடு வந்துவிடும், கீழே பழைய பொடி இருக்கும். இனிமேல் க்ரீமும் சன்ஸ்க்ரீனும் பட்ட விரலால் தொடாதீர்கள், துடைத்துவிட்டு எடுங்கள்.

பெட்டியில் திறந்த டப்பா படத்துக்குள் 12எம், 24எம் என்று ஏதாவது போட்டிருக்கும். திறந்த நாளிலிருந்து அத்தனை மாதம் என்று அர்த்தம். திறந்த மாதத்தைப் பின்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள். வாசனை மாறினாலோ, கண்ணில் தொற்று வந்த சமயத்தில் பயன்படுத்தியிருந்தாலோ கணக்குப் பார்க்காமல் தூக்கிப் போடுங்கள். பிரஷ்களை வாரம் ஒருமுறை கழுவி, முடி கீழ்நோக்கி இருக்கும்படி காய வையுங்கள். நேற்றைய ப்ளம் பிரஷ்ஷில் இருந்தால் இன்றைய ரோஜா மங்கித்தான் விழும்.